சூடாற்றி – சொல்லும் செயலும்

(அம்பத்தூரில் தொழிற்பயிற்சி மாணவர்களும் கணினிப் பணியாளர்களும் கூடிய தனித்தமிழ்ப் பயிலரங்கில் ஆற்றிய உரை)

    

கணினிக் கூட்டினுள் நீர்வழியே சூட்டை ஆற்றும் கருவியையும் அதற்குரிய விசிறிகளையும் பொருத்தும் முறைபற்றி நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கின்றனர். அதனைப் படித்த நண்பர் ஒருவர், "புலவரே, யாப்புப் பொருத்தம் சொல்ல வேண்டிய நீங்கள் திருகாணிப் பொருத்தம் சொல்லப் போகிறீர்களா?" என்று நகைத்தார். அந் நகைப்பிலேயே நம் இனத்தின் நோய் ஒன்று ஒளிந்திருக்கின்றது. தமிழ் என்றால் செய்யுள். திருகாணி என்றால் ஆங்கிலம் என்று பங்கு பிரித்தவர் யார்? அப் பிரிவினையை எந்த அரசும் ஆணையிட்டுச் செய்யவில்லை. பட்டறைப் பக்கம் தலைகாட்டாத புலவரும், தமிழ்ப் பக்கம் தலைகாட்டாத பொறியாளரும் சேர்ந்து வாய்பேசாமல் செய்துகொண்ட உடன்படிக்கை அது. அவ் வுடன்படிக்கையைக் கிழிப்பதற்கே நான் இங்கு வந்திருக்கின்றேன்.

சொல்லவந்த கருத்து ஒன்றே. ஒரு கருவிக்கு அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிட வேண்டும். ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் பெயரிடக் கூடாது. வேலையைப் பார்த்து இட்ட பெயர் கருவியைப் பொருத்துகிறவனுக்கு வழிகாட்டும். பெயரைப் பார்த்து இட்ட பெயர் அவனை வழிதவறச் செய்யும். இதனை ஒரே ஒரு கருவியைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டுவேன்.

வெப்பத்தோடு போரிடும் வட்டாரம்

இக் கருவி நம் மேற்குப் புறநகர்க்குப் புதியதன்று. ஆவடியில் 1961-ஆம் ஆண்டு கனவூர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965 முதல் அங்கே 'விசயந்தா' என்னும் தகரிகள் – டாங்கி என்று பலரும் சொல்வன – உருவாயின. பின்னர் 1987-இல் தகரிகளுக்குரிய பொறிகளைச் செய்யும் தொழிற்சாலையும் ஆவடியிலேயே எழுந்தது. இராசத்தான் பாலையின் கொடுவெயிலில் ஓடவேண்டிய தகரியின் பொறி, நீர்வழியே சூடு ஆறாவிட்டால் சிறிது நேரத்தில் இறுகிப் போகும். பாடியில் வேரூன்றிய சுந்தரம் பாசனர்சு நிறுவனம், 1990-களில் அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் மகிழுந்துகளுக்குச் சூடாற்றியின் மூடிகளைச் செய்து விடுத்துப் புகழ்பெற்றது. உலகின் மறுகோடியில் ஓடிய மகிழுந்துகளின் கொதிநீரை அடக்கிவைத்தது, நம் பக்கத்து ஊரில் பிறந்த நிறுவனத்தின் மூடி! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பொறியின் முன் நின்றவர் எவரைக் கேட்டாலும், வெட்டுமுனையில் வெண்ணீர் பாய்ச்சாவிட்டால் என்ன நேரும் என்று சொல்லிவிடுவார்.

இன்று அதே அம்பத்தூரில் தரவு நடுவங்கள் எழுந்துள்ளன. எடுத்துக்காட்டாக, சப்பானைச் சேர்ந்த என்டிடி நிறுவனம் 2023-இல் இங்குத் திறந்த வளாகம் 34.8 மெகாவாட்டுக் கணிப்புச் சுமைக்கென அமைக்கப்பட்டது. கணினி உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும். எனவே, அத்தகைய வளாகம் முழு அளவில் இயங்குங்கால் அத்தனை வெப்பத்தையும் இரவு பகலாக வெளியேற்றியாக வேண்டும். 2024-இல் என்விடியா நிறுவனம் அறிவித்த ஓர் அடுக்குச் சட்டம் 72 வரைகலைச் செயலிகளைக் கொண்டது. ஏறத்தாழ 120 கிலோவாட்டு மின்னை ஈர்ப்பது. அஃதாவது, இரண்டு கிலோவாட்டு வெந்நீர்க் கருவிகள் அறுபதை ஓர் அலமாரிக்குள் அடுக்கி எரியவிட்டதற்கு ஒப்பாகும். அதனை வெறும் காற்றால் ஆற்றவியலாது, நீர்வழியேதான் ஆற்றுகின்றனர். தகரிப் பொறிக்கும் மகிழுந்துக்கும் செய்த அதே வேலையை இப்பொழுது கணினிக்கும் செய்கின்றனர்.

இஃது ஒப்புமைக்காகச் சொல்வதன்று. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் தன் 'பவர்மேக்கு' மேசைக் கணினிகளில் ஒரு வகைக்கு நீர்வழிச் சூடாற்றியை வைத்தபோது, அதனைச் செய்துகொடுத்தது மகிழுந்து உறுப்புகள் செய்யும் டெல்பை நிறுவனமே. அந்த டெல்பை, செனரல் மோட்டார்சிலிருந்து பிரிந்து வந்தது. எனவே, பாடியின் மூடிக்கும் மேசைக் கணினிக்கும் உறவு நெருங்கிய உறவேயாகும்.

இத்துணைத் தொழிலறிவு நம் கைகளில் இருக்கின்றது. ஆனால், அது நம் வாயில் இருக்கின்றதா? அதுவே என் வினா.

இரண்டு பெயர், இரண்டு பிழை

கடைத்தெருவில் இக் கருவியை 'இரேடியேட்டர்' என்கின்றனர். முழுக் கருவியையும் சேர்த்து 'லிக்விடு கூலர்' என்கின்றனர். முன்னதை நம்மவருள் சிலர் 'கதிர்வீசி' என்றும், பின்னதை 'நீர்மக் குளிர்விப்பான்' என்றும் பெயர்த்தனர். அவர்களின் தமிழ்ப்பற்றை மதிக்கின்றேன். ஆனால், இவ் விரண்டு பெயருமே பிழை என்று அன்போடு சொல்வேன்.

முதலில் கதிர்வீசி. 'இரேடியேட்டர்' என்னும் சொல் கதிர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. ஆனால், கணினியிலோ மகிழுந்திலோ உள்ள அக் கருவி கதிர்வீசியா வெப்பத்தை நீக்குகின்றது? இல்லை. கதிராகச் செல்வது மிகச் சிறு பங்கே. மற்றதனைத்தையும் தகடுகளின் இடையே புகுந்து செல்லும் காற்றே வாங்கிக்கொண்டு போகின்றது. கதிர் செல்வதற்குக் காற்று வேண்டியதில்லை. வெட்டவெளியிலும் கதிர் செல்லும். இக் கருவிக்கோ காற்றே உயிர். ஆங்கிலேயன் தன் கருவிக்குப் பொருந்தாப் பெயர் வைத்தான். அப் பொருந்தாமையையும் சேர்த்து நாம் ஏன் பெயர்க்க வேண்டும்? 'கதிர்வீசி' என்று கற்ற மாணவன், அதனைக் கூட்டின் மூலையில் காற்றுப் புகாத இடத்தில் வைத்துவிட்டு, அது கதிர்வீசும் என்று காத்திருப்பான்.

அடுத்துக் குளிர்விப்பான். இப் பிழை இன்னும் நுட்பமானது. ஆறுதல் வேறு, குளிர்தல் வேறு. இவ் வேற்றுமை தமிழ்த்தாயின் மடியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். "பால் ஆறிவிட்டது" என்பதும் "பால் குளிர்ந்துவிட்டது" என்பதும் ஒன்றா? ஆறிய சோறு குளிர்ந்த சோறு ஆகாது. ஆறுதல் என்பது, சூடான பொருள் தன் மிகைச் சூட்டைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுத்துச் சுற்றுப்புறத்தின் நிலைநோக்கி இறங்குதல். அதற்குக் கீழே அது தானாக இறங்காது. குளிர்தலோ சுற்றுப்புறத்தினும் தாழ்ந்து செல்லலையும் குறிக்கும். மண்பானை நீர் கசிந்து ஆவியாவதால் குளிர்கின்றது. பனிப்பெட்டி பொறியின் வலிமையால் குளிர்விக்கின்றது. கணினிக்குள் உள்ள நீரோ மூடிய குழாயில் சுற்றிவருவது. அது ஆவியாவதுமில்லை, பனியாவதுமில்லை. அறையில் 35 பாகை வெப்பமிருந்தால் அந் நீர் 35-க்குக் கீழே ஒருநாளும் வாராது. சென்னையில் 2003 மே இறுதியில் வெப்பநிலை 45 செல்சியசைத் தொட்டது. அத்தகைய நாளில், அறையும் 45 பாகை சூடேறினால், எத்துணை விலைகொடுத்து வாங்கிய கருவியாயினும் 45-க்குக் கீழே நீரை இறக்காது. 'குளிர்விப்பான்' என்னும் பெயரை நம்பி வாங்கியவன், கருவி கெட்டுவிட்டதென்று கடைக்காரரோடு சண்டையிடுவான். கருவி கெடவில்லை, பெயர் கெட்டது!

அவ்வாறாயின் உண்மைப் பெயர் யாது? தேநீர்க் கடைக்கு வாருங்கள். கொதிக்கும் தேநீரை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு உயர்த்தி ஊற்றுகின்றாரே, அவர் என்ன செய்கின்றார்? "ஆற்றுகிறார்" என்கின்றோம். அங்கே நிகழ்வது யாது? ஒரே திரளாய் இருந்த நீர் மெல்லிய இழையாக நீள்கின்றது. நீண்டதனால் காற்றைத் தொடும் பரப்பு மிகுகின்றது. விழும்போது காற்றை ஊடுருவுகின்றது. சூட்டிற் சிறிது ஆவியோடும் போகின்றது. கணினியின் கருவி ஆவியை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே செய்கின்றது. நீரைத் தட்டையான மெல்லிய குழாய்களில் பிரிக்கின்றது. குழாய்களின் இடையே மீன்செதிள்போல் மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கோத்துப் பரப்பை மிகுக்கின்றது. விசிறியால் காற்றை ஊடுருவச் செய்கின்றது. எனவே, அது ஆற்றுவது; சூட்டை ஆற்றுவது; சூடாற்றி!

ஏறு – ஏற்று, மாறு – மாற்று, தேறு – தேற்று என்பவற்றைப் போல ஆறு – ஆற்று என்பது தன்வினை பிறவினை இணை. அதனோடு வினைமுதலைக் குறிக்கும் இகர ஈறு சேர, 'ஆற்றி' ஆகின்றது. ஆற்றுதலுக்குச் செய்தல், பொறுத்தல், வல்லனாதல் என்னும் பொருள்களும் உண்டே, மயக்கம் வாராதோ எனப் புலவர் வினவலாம். அதற்காகவே தனியே 'ஆற்றி' என்னாது 'சூடாற்றி' என்கின்றேன். வேரிலிருந்து சொல் காணும் நெறியை மொழிஞாயிறு பாவாணர் நமக்குக் காட்டிச் சென்றார். அவ் வேர் அகரமுதலியில் மட்டுமன்று, தேநீர்க் கடையிலும் இருக்கின்றது.

வெப்பம் செல்லும் வழி

இனிக் கருவியின் உறுப்புகளைப் பார்ப்போம். கணினியின் மூளையாகிய செயலி, இயங்குங்கால் சூடாகும். உயர்திறன் மேசைக் கணினிச் செயலிகள் சில, கடுவேலையின்போது 250 வாட்டு வரை வெப்பம் விடுகின்றன. செயலியோ தீப்பெட்டியளவே உடையது. அச் சூடு நீங்காவிடில், ஏறத்தாழ 100 பாகையில் செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும்; மேலும் ஏறினால் கணினி நின்றுவிடும்.

செயலியின்மேல் ஒரு செப்புத் தட்டு அமர்கின்றது. செம்பு வெப்பத்தை விரைந்து கடத்தும். தட்டின் உட்புறம் நீர் ஓடுகின்றது. அந் நீரை ஓட்டுவது எக்கி. 'பம்பு' என்று நாம் சொல்வது. பெரும்பாலான கருவிகளில் எக்கி, தட்டின் மேலேயே அமைந்திருக்கும். சூடேறிய நீர் ஒரு குழாய்வழியே சூடாற்றிக்குச் செல்லும். அங்கே ஆறி மறு குழாய்வழியே திரும்பும்.

காற்றிருக்க நீர் எதற்கு? ஒரே கன அளவுள்ள நீர், காற்றினும் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கவல்லது. 250 வாட்டு வெப்பம் வரும்போது, நிமையத்துக்கு ஓர் இலிட்டர் நீர் ஓடினால், அந் நீரின் வெப்பநிலை மூன்றரைப் பாகைக்குச் சற்று மேல்தான் உயரும். ஆனால், அதே வெப்பத்தைக் காற்று 10 பாகை சூடேறி வாங்கிச் செல்ல வேண்டுமானால், நொடிதோறும் ஏறத்தாழ 20 இலிட்டர்க் காற்று வேண்டும். பெரிய குடம் ஒன்று கொள்ளும் காற்று, ஒவ்வொரு நொடியும் புதிதாக வந்து, சூடேறி, வெளியே போக வேண்டும். நீர் வெறும் சுமைகூலி. இறுதியில் சூட்டை வாங்கிக்கொள்வது காற்றே. இதனை மறந்தவனே சூடாற்றியைத் தவறாகப் பொருத்துகின்றான்.

பொருத்தும் முறை

முதற்கண் இடம். கணினிக் கூட்டில் சூடாற்றிக்கு உரிய இடங்கள் மேற்புறம், முன்புறம் என இரண்டு. 120 மி.மீ. விசிறி இரண்டு கொள்வது 240 என்றும், மூன்று கொள்வது 360 என்றும் வழங்கும். கூடு எதனைக் கொள்ளும் என்பதை வாங்குமுன் அளந்து பாருங்கள். நீளம் மட்டும் போதாது, தடிப்பையும் பாருங்கள். சூடாற்றி பொதுவாக 27 மி.மீ., விசிறி 25 மி.மீ.; இரண்டும் சேர 52 மி.மீ. மேற்புறத்தில் அவ்வளவு இடம் இல்லையெனில், நினைவகப் பலகைகளின் தலையில் விசிறி இடிக்கும்.

இரண்டாவது, மேல் கீழ். இதுவே உயிர்நாடி. மூடிய குழாய்க்குள்ளும் சிறிது காற்று இருக்கும். காலம் செல்லச் செல்ல நீர் சிறிதளவு கசிந்து மறைய, அக் காற்று மிகும். காற்று எப்பொழுதும் மேலே ஏறும். எனவே, சுற்றுவழியின் மிக உயர்ந்த இடம் எக்கியாக இருத்தலாகாது. சூடாற்றியாகவே இருத்தல் வேண்டும். மேற்புறத்தில் பொருத்தினால் இது தானே அமையும். முன்புறத்தில் நிறுத்தினால், சூடாற்றியின் மேல்முனை எக்கியினும் உயர்ந்திருக்க வேண்டும். அடிப்புறத்தில் கிடத்தினால் காற்று முழுதும் எக்கியிற் சேரும், எக்கி நீரின்றிச் சுழலும், ஒலிக்கும், விரைவில் கெடும்.

மூன்றாவது, காற்றின் திசை. விசிறிக்கு முன்பின் உண்டு. இதழ்கள் திறந்து தெரியும் முகத்தால் காற்று நுழையும். குறுக்குச் சட்டங்கள் உள்ள முகத்தால் வெளியேறும். பல விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். மேற்புறச் சூடாற்றியில் காற்று கூட்டினுள்ளிருந்து வெளியே போகட்டும். சூடு அறைக்குப் போய்விடும். முன்புறச் சூடாற்றியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கலாம்; செயலிக்கு அது நல்லது; ஆனால், அச் சூடு கூட்டினுள் வருவதால், பின்புற விசிறி அதனை உடனே வெளியேற்ற வேண்டும். ஒரே சூடாற்றியில் ஒரு விசிறி உள்ளேயும் மறு விசிறி வெளியேயும் தள்ளுமாறு பொருத்திவிடாதீர்கள். அது, இருவர் கதவின் இருபுறமும் நின்று தள்ளுவதைப் போன்றது.

நம் வட்டாரத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்பேட்டைப் புழுதியும் நெடுஞ்சாலைப் புழுதியும் நம் வீடுகளை விட்டுவைப்பதில்லை. வெளியேறும் காற்றினும் உள்வரும் காற்று சற்று மிகுதியாக இருக்கட்டும். அது புழுதிவடி வழியாகவே வரட்டும். அப்பொழுது இடுக்குகளின் வழியே புழுதி நுழையாது. வடியை அடிக்கடி கழற்றித் தட்டுங்கள். செதிள்களுக்கிடையே பஞ்சுபோல் புழுதி அடைந்தால், சூடாற்றி வெறும் தகரப் பலகையே.

நான்காவது, திருகாணி. கருவியோடு நெடிய திருகாணிகளும் குறிய திருகாணிகளும் தரப்படும். நெடியவை விசிறியின் தடிப்பை ஊடுருவிச் சூடாற்றியைப் பற்றுவதற்கு. குறியவை கூட்டோடு சூடாற்றியைப் பிணைப்பதற்கு. குறியதன் இடத்தில் நெடியதைச் செலுத்தினால், அது நீர்க்குழாயைத் துளைத்துவிடும், நீர் சிந்தும், தாய்ப்பலகை பாழாகும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றதற்குச் செல்லாதீர்கள். மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

ஐந்தாவது, செப்புத் தட்டு. அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நெகிழித்தாளை உரித்தெறிய மறவாதீர்கள். செயலியின்மேல் பட்டாணியளவு வெப்பப்பசை இட்டு, தட்டை நேராக அமர்த்துங்கள். பசை மிகுந்தால் நன்மை மிகாது. குழாய்கள் மடங்காமலும் விசிறியிதழைத் தொடாமலும் வளையட்டும்.

ஆறாவது, மின்னிணைப்பு. இதற்கெல்லாம் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். விசிறியின் நான்கு கம்பிகளில் ஒன்று நிலம். ஒன்று 12 வோல்ட்டு. ஒன்று சுழற்சியை அறிவிப்பது. ஒன்று சுழற்சியை ஆள்வது. எக்கியின் கம்பியை எக்கிக்குரிய முனையில் செருகி, முழு விரைவில் ஓடவிடுங்கள். விசிறிகள் சூட்டுக்கேற்பக் கூடிக் குறையட்டும். கூட்டை மூடுமுன் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். எக்கி சுழல்கின்றதா, நீர் கசிகின்றதா, செயலியின் வெப்பநிலை நிலைகொள்கின்றதா எனப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. மூடிய கருவியைத் திறந்து குழாய்நீர் ஊற்றாதீர்கள். தட்டு செம்பு, செதிள் அலுமினியம். உப்புநீரில் இவ் விரண்டும் சேர்ந்தால், மின்கலம்போல் ஆகி அலுமினியம் அரிக்கப்படும். உள்ளிருக்கும் நீரில் அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் கலந்துள்ளன. நம் நிலத்தடி நீரின் உவர்ப்பை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் கண்ட விடை

இங்கே எங்கள் மாணவர்கள் செய்த ஒன்றைச் சொல்வேன். மேனிலை வகுப்பு மாணவர் நால்வர், ஓர் ஆய்வுக் கண்காட்சிக்கெனப் பழைய உறுப்புகளைத் திரட்டிக் கணினி ஒன்றைக் கோத்தனர். சூடாற்றியை அடிப்புறத்தில் கிடத்தினர். கணினி ஓடியது, ஆனால், எக்கியிலிருந்து குடத்தில் நீர் மொள்வதைப்போல் களகளவென்று ஒலி எழுந்தது, சூடும் ஏறியது. குறிப்பேடு ஆங்கிலத்தில் இருந்தது. நால்வரும் தமிழ்வழி மாணவர். இரண்டு நாள் அகரமுதலியும் கையுமாக அக் குறிப்பேட்டோடு போராடினர். "ஐயா, எங்களுக்கு ஆங்கிலம் போதாது, அதனால்தான் இது வரவில்லை" என்று என்னிடம் வந்தனர்.

நான் கணினியைத் தொடவில்லை. "தம்பி, நீருக்குள் காற்று இருந்தால் அஃது எங்கே போகும்?" என்று கேட்டேன். "மேலே போகும் ஐயா" என்றனர். "உங்கள் கூட்டில் நீர் ஓடும் வழியில் மேலே இருப்பது எது?" என்றேன். ஒரு நொடி அமைதி. ஒருவன், "எக்கி, ஐயா!" என்று கூவினான். மற்றவன் அதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டான். அரைமணிப் பொழுதில் சூடாற்றி மேற்புறம் ஏறியது, ஒலி அடங்கியது.

அம் மாணவர்களிடம் இல்லாதிருந்தது என்ன? அறிவா? குளத்தில் மூழ்கியவன் விட்ட மூச்சு குமிழியாக மேலே வருவதை அவர்கள் பிள்ளைப் பருவத்திலேயே கண்டவர்கள். ஆங்கிலமா? விடை காண ஓர் ஆங்கிலச் சொல்லும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அறிந்ததை அவர்கள் மொழியில் கேட்பார் இல்லை, அவ்வளவே! தமக்கு அறிவில்லை என்று அவர்கள் நம்பத் தொடங்கியிருந்தனரே, அதுவன்றோ கொடுமை! சூடேறிய செயலியை மாற்றிக்கொள்ளலாம். தன்னைத் தாழ்வாக எண்ணப் பழகிய ஓர் இளைஞனின் உள்ளத்தை எந்தக் கடையில் வாங்கி மாற்றுவது?

மறுப்பும் விடையும்

"பணியாளர் இரேடியேட்டர் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும், அதனால் வேலை நின்றுவிடுமா?" என்பார் உளர். நிற்காது. பொறி பழுதில்லாமல் ஓடும்வரை எந்தப் பெயரும் போதும். பழுதாகும்போதும், புதியவனுக்குக் கற்பிக்கும்போதும், இடர் நேருமுன் எச்சரிக்கும்போதும் மட்டுமே பெயரின் பயன் தெரியும். பொருள் விளங்காத பெயரை மனப்பாடம் செய்தவன், கட்டளைக்குப் பணிவான், பொருள் விளங்கிய பெயரைப் பேசுகிறவன், "ஏன்?" என்று கேட்பான். தொழிற்சாலைகளில் தமிழன் கட்டளைக்குப் பணிபவனாகவே இருந்துவிட வேண்டுமா, ஏன் என்று கேட்டு மேற்பார்க்கிறவனாகவும் உயர வேண்டுமா என்பதே இங்குள்ள வினா.

வேறு சிலர், "சொல்லாக்கம் அறிஞர்க்குரிய வேலை" என்பர். மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாயிற்று. அந் நூறாண்டில் நிலைத்த சொற்கள், மக்கள் வாய்க்கு இசைந்து, பொருளைத் தெளிவாகக் காட்டிய சொற்களே. மேசைமேல் பிறந்து மேசைமேலேயே மடிந்த சொற்களும் பல. கருவியைக் கையால் தொடாமல் ஆங்கில அகரமுதலியை மட்டும் தொட்டு ஆக்கிய சொற்கள் அவை. பணியாளனைத் தமிழ் தெரியாதவன் என்று இகழ்வதை நாம் விட வேண்டும். 'விசிறி' என்ற சொல்லைக் காத்து வைத்தவன் அவன்தான். "சூடு ஆறட்டும், கை வைக்காதே" என்று பட்டறையில் நாள்தோறும் தமிழ் பேசுகிறவனும் அவன்தான். 'சூடாற்றி' என்னும் சொல்லை நான் படைக்கவில்லை. அவன் வாயில் இருந்த வினையை எடுத்துப் பெயராக்கினேன். இதனினும் பொருந்திய சொல்லை உங்களுள் ஒருவர் சொன்னால், அதனையே ஏற்போம்.

செய்ய வேண்டுவன

கூட்டத்தில் கைதட்டிவிட்டுக் கலைவதால் பயனில்லை. மூன்று வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கின்றேன்.

ஒன்று: அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் கணினி கோத்துத் தரும் கடை நடத்தும் தம்பிகளே! பொருத்தும் முறையை ஒரே தாளில், படத்தோடு, தமிழில் அச்சிட்டுக் கணினியோடு கொடுங்கள். மேல் எது, கீழ் எது, காற்று நுழைவது எங்கே, வெளியேறுவது எங்கே என்னும் நான்கு குறிப்புகள் போதும்.

இரண்டு: தொழிற்பயிற்சி மாணவர்களே! நீங்கள் பயிலும் ஒவ்வொரு கருவிக்கும் முன்னால் நின்று, "இது என்ன செய்கின்றது?" என்று தமிழில் ஒரு தொடர் எழுதுங்கள். அத் தொடரின் வினைச்சொல்லே அக் கருவியின் பெயராவதற்குரியது. எக்குவது எக்கி, வடிப்பது வடி, ஆற்றுவது ஆற்றி. ஆண்டிறுதியில் உங்கள் கையில் ஓர் அகரமுதலியே இருக்கும்.

மூன்று: தரவு நடுவங்களில் பணிபுரியும் உடன்பிறப்புகளே! உங்கள் அறிவை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். திங்களுக்கு ஒருமுறை, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பியுங்கள். இவ் வட்டாரத்தில் எழுகின்ற கட்டடங்களின் வெளிச்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு அப் பிள்ளைகள் வளரக் கூடாது. உள்ளே நிகழ்வதும் அவர்களுக்கு விளங்க வேண்டும்.

செய்யுள் எழுதத் தெரிந்த தமிழ் நமக்கு இருக்கின்றது. திருகாணி முடுக்கத் தெரிந்த கையும் நமக்கு இருக்கின்றது. இரண்டையும் ஒன்றாக்குவதே இனி நம் பணி. அப் பணியில் ஆற்றலோடு இறங்குவோம்!

வெல்க தமிழ்! வாழ்க தமிழர் தொழிலறிவு!